படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர்

வாசுதேவநல்லூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் வீட்டார் 108க்கு அழைப்பார்கள். வண்டி திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே வந்தால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. அங்கிருந்தும் மேலே அனுப்ப வேண்டியிருந்தால் இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும். 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பாளையங்கோட்டையில் இருக்கிறது. நம் பக்கத்து மக்களுக்கு அது ‘ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி’. அந்த வண்டியில் படுத்திருப்பவர் ஒருவர். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். பின்னாலேயே பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். விடியும் முன் தூக்குச்சட்டியும் பாயும் போர்வையுமாக அத்தையோ சித்தப்பாவோ முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.

மருத்துவமனைக்கு வரைபடம் போடுபவர்களின் கணக்கில் படுத்திருப்பவர் வருகிறார். மற்றவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. மருத்துவமனைக் கட்டடக் கலை காற்று, வெளிச்சம், கிருமி, நெருப்பு, வெள்ளம் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை கண்ட துறை. ஆனால் நம் நாட்டில் ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு மனிதர் நிற்கிறார், அவர் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், குளிக்க வேண்டும் என்பதை அது இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான். அதற்கு முன், ஒரு பெரிய மருத்துவமனை எப்படிச் சிந்திக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசி, அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் ஒன்று. ஆகவே வாசுதேவநல்லூருக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில் 500 படுக்கைகள் கொண்ட ஒரு பெரியாஸ்பத்திரியைக் காகிதத்தில் கட்டிப் பார்ப்போம். மருத்துவமனை மட்டும்தான் கற்பனை. மேற்கிலிருந்து வரும் காற்றும், மலைச்சரிவில் இறங்கும் தண்ணீரும், மாலை வெயிலும், வரப்போகும் மக்களும் அங்கே உண்மையாகவே இருக்கிறார்கள்.

மருத்துவமனையின் அளவைப் படுக்கைகளால் சொல்வது பழைய வழக்கம். சுதந்திரத்துக்கு முன்பு அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு 1946இல் அளித்த அறிக்கையும் அப்படித்தான் கணக்கிட்டது. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகள், அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை, மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள் என்பது அவர்கள் கண்ட நெடுங்காலக் கனவு. ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, தலைமை மருத்துவமனை என்று இன்றும் நாம் ஏறும் படிகள் அந்தச் சிந்தனையிலிருந்து வந்தவை. படுக்கை எண்ணிக்கை அரசாணைக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் போதும். கட்டடம் வரையத் தொடங்குபவருக்கு அது போதாது. அவர் முதலில் எழுதுவது வேறொரு பட்டியல். எவையெவை ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது?

தியேட்டரிலிருந்து வெளியேறும் இரத்தக் கறை படிந்த துணி, தியேட்டருக்குள் போகும் நீராவியில் தூய்மையாக்கிய கருவிகளைச் சந்திக்கக் கூடாது. பிணவறைக்குப் போகும் வண்டி, பிரசவ வார்டின் வாசலைத் தாண்டக் கூடாது. வயலில் பாம்பு கடித்துத் தூக்கி வரப்பட்டவர், ஓ.பி. சீட்டு போடும் வரிசைக்குள் சிக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தக் கடைசிச் சிக்கலுக்கு ‘தாய்’ என்னும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வழி செய்திருக்கிறது. வாசலிலேயே நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்புக்கு உரியவரை நேரே உயிர்காக்கும் கருவிகள் இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். தரையில் இருக்கும் நிறத்தைப் பார்த்தாலே போதும், பதற்றத்தில் இருப்பவருக்கும் வழி தெரியும். பனை ஏறித் தவறி விழுந்தவரும், பூச்சிமருந்து குடித்தவரும், பம்புசெட்டில் மின்சாரம் தாக்கியவரும் அடிக்கடி வரக்கூடிய ஓர் ஊரில், நெடுஞ்சாலையிலிருந்து சிவப்புப் பகுதி வரை ஒரே நேர்க்கோடு கிடைப்பதுதான் வரைபடத்தின் முதல் கோடாக இருக்க வேண்டும்.

அடுத்தது நிலம். மலையடிவார நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் குளங்களை நிரப்பிக்கொண்டே போகிறது. அரசுக் கட்டடங்களுக்கு ‘புறம்போக்கு’ என்று எளிதில் கிடைக்கும் இடங்களில் பல, பழைய நீர்வழிகளை ஒட்டியவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர்களை நீர் சூழ்ந்து மின்சாரம் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரிழப்புகள் நேர்ந்தன. எடை மிகுந்த எந்திரத்தைக் கீழே வைப்பது பொறியாளருக்கு எளிது. ஆனால் வென்டிலேட்டரை நம்பி ஒரே ஒரு உயிர் இருந்தாலும், ஜெனரேட்டரும் மின்மாற்றியும் ஆக்சிஜன் தொட்டியும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

தண்ணீர் வந்து கெடுப்பது ஒரு பக்கம், இல்லாமல் கெடுப்பது இன்னொரு பக்கம். 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. 500 படுக்கைக்கு 2,25,000 லிட்டர். எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஊரில் இது சின்னத் தொகையல்ல. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரைக் கற்களும் செடிகளும் நிறைந்த பாத்திகளின் வழியே செலுத்திச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறது. கிழக்கே சரியும் நிலம் நமக்கு இங்கே உதவும். மோட்டார் இல்லாமலேயே கழிவுநீர் தானாக இறங்கிப் போகும்.

இனிக் காற்று. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிரீமியப் போரில் காயம்பட்ட வீரர்கள் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் காயத்தால் செத்ததைவிடத் தொற்றுநோயால் அதிகம் செத்ததை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கண்ணால் பார்த்தார். 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூல், கட்டட வரைபடத்தை மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கியது. நீளமான, உயர்ந்த கூரையுள்ள கூடம். இரு புறமும் எதிரெதிராக ஆளுயர ஜன்னல்கள். ஏறத்தாழ 30 படுக்கைகள். ஒரு கோடியில் நிற்கும் செவிலியர் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இப்படிப்பட்ட கூடங்கள் தனித்தனியே நின்று, நடுவில் ஒரு நடைபாதையால் இணைக்கப்படும். உலகெங்கும் பரவிய அந்த அமைப்பின் சாயலை நம் ஊர்ப் பழைய அரசு மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கலாம்.

நோய் கிருமியால் வருகிறது என்பதை நைட்டிங்கேல் அப்போது நம்பவில்லை. அழுக்கிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய் என்பதுதான் அந்தக் காலத்துக் கொள்கை. கொள்கை தவறு. ஆனால் அந்தக் கொள்கை கட்டிய கட்டடம் சரியாக இருந்தது. இதை நிரூபிக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில், காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே மேல்மாடிக்குக் கொண்டுபோய், அங்கே வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள் வில்லியம் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும். நோயாளியைக் கண்ணாலும் பார்த்திராத கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. காற்று மட்டுமே கிருமியைச் சுமந்து போக முடியும் என்பது உறுதியானது. அப்படியானால், அறைக்குள் இருக்கும் காற்றை அடிக்கடி மாற்றினால் தொற்று குறைய வேண்டும்.

எத்தனை அடிக்கடி? 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளின் 70 அறைகளில் ராட் எஸ்கோம்பும் கூட்டாளிகளும் காற்று மாறும் வேகத்தை அளந்தார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் மணிக்கு 28 முறை அறைக் காற்று முழுவதும் மாறியது. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. எந்திரம் வைத்துக் காற்றை உறிஞ்சும் தொற்றுநோய் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவோ மணிக்கு 12தான். இன்னொன்றையும் கவனித்தார்கள். 50 ஆண்டுகளுக்கு முன் கட்டிய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களில் மணிக்கு 40 முறை மாறியது. புதிய கட்டடங்களில் ஜன்னலைத் திறந்தாலும் 17தான். நவீனம் என்ற பெயரில் கூரையைத் தாழ்த்தி ஜன்னலைச் சுருக்கியபோது நாம் எதை இழந்தோம் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோயாளிகளுக்காகத் திறந்தவெளிக் காற்றுச் சிகிச்சை நிலையம் நடத்திய மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் உடல்நலம் குன்றியபோது அந்த மெண்டிப் நிலையத்தில்தான் அவரிடம் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் கட்டடமும் காற்றும்தான் மருந்து. தாம்பரம் சானடோரியம் பின்னர் அரசிடம் போய், இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையத்துக்கும் அதன் பெயரே நிலைத்துவிட்டது.

நம் நிலத்துக்கு வருவோம். ஜூன் தொடங்கிக் குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில் மேற்குக் காற்று மலைத்தொடரின் கணவாய்கள் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றால்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும். இப்படிக் காற்று தேடி வரும் ஊரில் வார்டுகளைக் கண்ணாடி போட்டு மூடி ஏ.சி. வைப்பது பொருந்தாத காரியம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலைத் தவிர்க்க வேண்டுமானால் நம் நாட்டில் நீண்ட கட்டடத்தின் அகன்ற முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மேற்குக் காற்றைப் பிடிக்க வேண்டுமானால் அகன்ற முகம் மேற்கே பார்க்க வேண்டும். வெயில் ஒன்று சொல்கிறது, காற்று வேறொன்று சொல்கிறது. இந்தியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு ஒரு சமரசம் வைத்திருக்கிறது. மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று வீசும் இடங்களில் கட்டடத்தைக் காற்றுக்கு 45 பாகை சாய்வாகத் திருப்பி வைத்தால் உள்ளே காற்றோட்டம் பெரிதாகக் குறையாது, வெயிலின் கொடுமை தணியும். நம் வார்டுகளின் அகன்ற முகங்களைத் தென்மேற்கும் வடகிழக்குமாக வைப்போம். சீசனில் வரும் காற்றும் அடைமழைக் காலக் காற்றும் இரண்டுமே கிடைக்கும். மீதியிருக்கும் பிற்பகல் வெயிலுக்குத் தென்மேற்கு முகம் முழுவதும் ஓர் ஆழமான தாழ்வாரம். இந்த ஊர்ச் சாரல் சாய்ந்து அடிக்கும், ஆகவே தாழ்வாரத்தின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. கொசுவலை அடித்தால் காற்றின் வேகம் குறையும், அதற்கு ஈடாக ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும். காற்று அசையாத பங்குனி, சித்திரையில் மின்விசிறியும் வெளியேற்றும் விசிறியும் வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்போலத் தோன்றும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால்தான் மணிக்கு 28. மூடினால் அதே லிமா அறைகளில் காற்றோட்டம் 18இல் ஒரு பங்காகிவிட்டது.

தியேட்டருக்கு இந்த நியாயம் செல்லாது. அங்கே ஜன்னலே கூடாது. வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கி, மணிக்குக் குறைந்தது 20 முறை மாற வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் வடிகட்டிகள் வேண்டும். உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்படும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. தொற்றுநோய் அறைக்கு இதற்கு நேர்மாறு. அங்கே அழுத்தம் குறைவு, காற்று உள்ளே மட்டும் போகும். ஒரே கூரையின் கீழ் காற்று மூன்று விதமாக நடக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்குவதுதான் மருத்துவமனைக் கட்டடக் கலையின் மிகக் கடினமான வேலை என்பது என் எண்ணம்.

தென்மேற்குத் தாழ்வாரத்தில் நின்றால் மலை தெரியும். அது வெறும் அழகுக்காக மட்டுமல்ல. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் எடுத்துப் பார்த்தார். வயது முதலிய அம்சங்களில் ஒத்த 23 இணைகள். ஒவ்வொரு இணையிலும் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்பே வீடு திரும்பினார்கள், வீரியம் மிக்க வலி நிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளிவந்த சிறிய ஆய்வு அது. எண்ணிக்கையின் போதாமை இருந்தாலும், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்கக் கட்டடக் கலைஞர்களைப் பழக்கியது அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கும் ஊரில் படுக்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்கு நான் வேறு விடை தேடமாட்டேன்.

நெருப்பைப் பற்றி. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. 90 பேரளவில் இறந்தார்கள். பலரைக் கொன்றது தீ அல்ல, புகை. அடித்தளத்தில் சேமித்து வைத்திருந்த பொருள்களிலிருந்து கிளம்பிய புகை குழாய்கள் வழியே மேல்மாடிகளுக்கு ஏறியது. திறக்க முடியாத கண்ணாடி முகப்பு அதை உள்ளேயே தேக்கியது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனைத் தீவிபத்தில் லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். மற்றக் கட்டடங்களில் மணி அடித்தால் எல்லோரும் படியிறங்கி ஓடலாம். மருத்துவமனையில் ஓட முடியாதவர்கள்தான் இருக்கிறார்கள். ஆகவே இங்கே கீழே ஓடுவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் முதல் பாதுகாப்பு. ஒவ்வொரு மாடியும் தீ தாங்கும் சுவராலும் கதவாலும் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியில் புகை வந்தால் படுக்கையோடு அடுத்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்த வேண்டும். நேரம் கிடைத்த பிறகு இறங்கலாம். அதற்குத்தான் 2.4 மீட்டர் அகலத் தாழ்வாரம், அதற்குத்தான் நம் பழைய அரசு ஆஸ்பத்திரிகளில் மாடிக்கு மாடி வளைந்து ஏறும் அந்தப் பெரிய சாய்தளம். 4 மீட்டர் உயரம் ஏற, 12க்கு 1 என்ற சரிவில் 48 மீட்டர் நீளம் வேண்டும். எவ்வளவு இடம் வீண் என்று புதிய கட்டடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போன இரவில் ஸ்ட்ரெச்சர் தள்ளியிருக்கும் ஆயாக்களைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

கட்டடத்தை மருத்துவமனையாக்குவது எது என்பதற்குச் சென்னை அண்ணா சாலையில் ஓர் அசாதாரணமான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் ஜெர்மனியின் கெர்கன், மார்க் நிறுவனம் வடிவமைத்த கட்டடம் 2010 மார்ச்சில் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2014 பிப்ரவரியில் அதே கட்டடம் தமிழ்நாடு அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையானது. அரசியலை விட்டுவிட்டு, அறிவியலாகப் பாருங்கள். கோப்புகளும் அலுவலர்களும் நடமாடும்படி வரைந்த இடத்தில் ஸ்ட்ரெச்சர் நடமாட வேண்டும். அலுவலகத்தில் மாடிக்கு ஓரிரு இடத்தில் கழிப்பறை போதும், வார்டில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேண்டும். எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் ஈயம் போக வேண்டும். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்றுக் குழாய், ஆக்சிஜன் குழாய், மின்வடம், தீயணைப்புக் குழாய் எல்லாம் ஒன்றையொன்று தாண்டிப் போக உயரம் வேண்டும். இத்தனையும் ஏற்றுக்கொண்டு அந்தக் கட்டடம் இன்று ஏழைகளுக்கு இதய அறுவையும் மூளை அறுவையும் செய்கிறது, கொரோனா காலத்தில் ஆயிரக்கணக்கானோரைத் தாங்கியது. ஒப்பிட, 2023 ஜூன் 15 அன்று கிண்டி கிங் நிலைய வளாகத்தில் திறக்கப்பட்ட 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை முதல் நாளிலிருந்தே மருத்துவமனையாகவே வரையப்பட்டது.

ஓமந்தூரார் கட்டடம் ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. கட்டடத்தின் ஆயுள் 60, 70 ஆண்டுகள். மருத்துவமோ பத்தாண்டுக்கு ஒரு முறை தலைகீழாக மாறுகிறது. லண்டன் அருகே 1970இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனையை வடிவமைத்த ஜான் வீக்ஸ் இதை முன்பே உணர்ந்தார். ஒரு நீண்ட நடைவீதியில் தனித்தனிக் கட்டடங்களைக் கோத்து, ஒவ்வொன்றின் முனையையும் வளர்வதற்காகத் திறந்தே விட்டார். முழுமையடைந்த அழகிய வடிவத்தை மருத்துவமனைக்குத் தரக் கூடாது என்பது அவர் கொள்கை. நம் வாசுதேவநல்லூர் மருத்துவமனையிலும் வடகோடிச் சுவருக்குள் குழாயோ படிக்கட்டோ வைக்காமல் விட வேண்டும். நாளை அதை இடித்து நீட்ட வேண்டியிருக்கும்.

எதைக் கட்டாமல் விடலாம் என்பதில் எனக்குத் தெரிந்த மிகத் துணிவான முடிவு மதுரையில் எடுக்கப்பட்டது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கண்புரை அறுவைக்கு முகாம் பஸ்ஸில் ஏறிப் போன பாட்டிகளும் தாத்தாக்களும் எத்தனையோ பேர். அங்கே இலவசப் பிரிவில் நோயாளிகளுக்குக் கட்டில் இல்லாமல் பாய் விரித்தார்கள். கண் அறுவை செய்துகொண்டவருக்கு எழுந்து நடக்கக் காலில் வலு இருக்கிறது. வீட்டில் பாயில் படுத்துப் பழகியவருக்குக் கட்டிலிலிருந்து விழும் பயமும் இல்லை. மிச்சமான பணமும் இடமும் தியேட்டருக்குப் போனது. அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடியும்போது மற்றதில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். நோயாளியின் உடலையும் பழக்கத்தையும் கூர்ந்து பார்த்து வரைந்த திட்டம் அது.

அதே கூர்மையை நோயாளியோடு வருபவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். நம் வார்டுகளில் அவர் என்ன செய்கிறார்? கஞ்சி ஊட்டுகிறார். புரட்டிப் படுக்க வைக்கிறார். மூத்திரப் பாத்திரம் எடுக்கிறார். சீட்டோடு லேபுக்கும் மருந்துக்கும் ஓடுகிறார், இரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறார். பாட்டில் இறங்கி முடிந்தால் ‘சிஸ்டர்’ என்று முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான். ஒரு செவிலியர் மிகப் பலரைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் அவர் இல்லாமல் சிகிச்சையே நடக்காது. சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியர் அவர். 500 படுக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்று மட்டும் வைத்துக்கொண்டாலும் இரவில் 500 பேர் கூடுதலாகத் தங்குகிறார்கள். வரைபடத்தில் அவர்களுக்கு இடம் இல்லாததால் அவர்களே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். கட்டிலுக்கு அடியில், படிக்கட்டின் திருப்பத்தில், சாய்தளத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில். துவைத்த சேலை ஜன்னல் கம்பியில் காய்கிறது. ஜன்னலுக்குக் காற்று வரும் வழி அதனாலேயே அடைபடுகிறது. தீக்கதவு திறந்தபடி நிற்க, அதன் முன்னால் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. காற்றுக்கும் நெருப்புக்கும் நாம் போட்ட அத்தனை கணக்கும் இங்கே உடைகிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் வருவார்கள் என்பது கட்டடம் எழும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

பணம் படைத்த நாடுகளிலும் இது பிரச்சினைதான். தென் கொரியாவிலும் உறவினரே வார்டில் தங்கிக் கவனிக்கும் வழக்கம் உண்டு. 2015இல் அங்கே மெர்ஸ் தொற்று பரவியபோது பாதிக்கப்பட்ட 186 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயாளியைக் கவனிக்க வந்த உறவினரோ பார்க்க வந்தவரோதான். நம் ஊரில் வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது, இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக மக்கள் வரும் இடம். எதிரே உள்ள தெருக்களில் விடுதிகளும், மீன்குழம்பு கிடைக்கும் கடைகளும், வங்காள மொழிப் பலகைகளும் நிறைந்திருக்கின்றன. மருத்துவமனை வளாகத்துக்குள் அடங்காத தேவையை ஓர் ஊரே ஏற்றுக்கொண்டது. வாசுதேவநல்லூரில் அப்படி ஒரு தெரு இல்லை. கூலிவேலையை விட்டுவிட்டு வந்திருப்பவரிடம் விடுதி வாடகைக்குப் பணமும் இல்லை.

ஆகவே நம் வரைபடத்தில் இப்படிச் செய்வோம். ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் இரவில் விரித்துப் பகலில் மடக்கும் ஒரு பலகை, சுவரோடு சேர்ந்தபடி. துணையாள் தரையில் படுக்காவிட்டால் தரையைக் கழுவ முடியும். அவருக்கென்று ஒரு பூட்டுப் பெட்டி. தென்மேற்குத் தாழ்வாரத்தில் சுவரை ஒட்டித் திண்ணை, ஸ்ட்ரெச்சர் போகும் பாதைக்கு வெளியே. மலையைப் பார்த்தபடி நோயாளியும் அவரும் சேர்ந்து உட்காரட்டும். நோயாளிக்கு ஒருவருக்கு மேல் அனுமதி இல்லை என்று காவலர் கத்தத் தேவையில்லாதபடி, மற்றவர்களுக்கு வளாகத்திலேயே தனிக் கட்டடம். குளிக்கும் இடம், துவைக்கும் கல், வெயில் படும் கொடி, வெந்நீர், மலிவு விலைச் சாப்பாடு, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தங்குமிடம், அழைப்பு வந்தால் கேட்கும் ஒலிபெருக்கி. அது வார்டிலிருந்து நடக்கும் தூரத்தில், பிணவறைப் பாதையிலிருந்து விலகி, 108 வரும் வழியைக் குறுக்கிடாமல் அமைய வேண்டும். தண்ணீர்க் கணக்கில் அந்த 500 பேரையும் சேர்க்க வேண்டும், கழிப்பறைக் கணக்கிலும்.

இந்தக் கட்டடத்தை முதல் கட்டத்திலேயே, ஓ.பி.யோடும் அவசரப் பிரிவோடும் சேர்த்து எழுப்ப வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு என்று ஒதுக்கினால், அதற்குள் ஸ்கேன் கருவி ஒன்றின் விலை ஏறியிருக்கும், மதிப்பீடு திருத்தப்படும், முதலில் வெட்டப்படும் வரி இதுவாகத்தான் இருக்கும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே தியேட்டரின் காற்று வடிகட்டிக்கு இருக்கும் இடத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். இரண்டுமே தொற்றைத் தடுக்கும் வேலையைத்தான் செய்கின்றன.